அம்மாவாணை

என் மகளுக்கு எட்டு வயதில் சலரோகம், அதாவது நீரிழிவு, வந்தது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். சலரோகம் என்றால் பென்சன் எடுத்தவர்களின் வருத்தம். கலியாண வீட்டில் ஒரு கையால் பாயசத்தை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டு, மற்றக் கையால் லட்டை எடுத்து மடியில் வைக்கிற பெரியவர்களின் வருத்தம். "சின்னப் பிள்ளைக்கோ? உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். "இனிப்புக் கூடக் குடுத்திட்டியள் போலை." இதை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! ஆசுப்பத்திரிக்குப் பார்க்க வந்த என் மச்சாளும் அதையேதான் சொன்னார். சொல்லிக்கொண்டே கிறீம் பிஸ்கற் பெட்டியையும் ஒரு குலை முந்திரிகைப் பழத்தையும் பிள்ளையின் கட்டிலில் வைத்தார்.

எனக்கு வாய் நீளம், கோபமும் கெதியில் வரும். அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி யன்னலுக்கு வெளியே எறியத்தான் மனம் வந்தது. அவர் என் கையைப் பிடித்துவிட்டார். அவர் என்றால் என் கணவர். மருதனார்மடத்துக்குக் கிட்ட வெங்காயமும் கத்தரியும் செய்கிறவர், கோபம் என்ற சாமானே இல்லாத மனிதர்.

உண்மையில் ஏச வேண்டியது என்னைத்தான். நான் விஞ்ஞான ஆசிரியை. கரும்பலகையில் சதையியைக் கீறி, இன்சுலின் எங்கே சுரக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள். அதே மாதத்தில் என் பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாயை நனைத்தாள். பள்ளிக்கூடச் சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. நான் என்ன செய்தேன்? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். கண்பட்டுப்போச்சு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். ஒரு காலை அவள் ஓடி வந்த நாயைப்போல இளைத்துக்கொண்டு கிடந்தாள். குனிந்தபோது வாயில் பழுத்த பழ வாசம் அடித்தது. அப்போதுதான் இந்த விசரிக்கு உறைத்தது.

வார்ட்டில் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவர் எனக்கு ஊசி போடப் பழக்கினார். முதல் இரண்டு நாளும் தோடம்பழத்தில் குத்தினேன், மூன்றாம் நாள் பிள்ளையில் குத்தினேன். சாப்பாட்டைப் பற்றியும் அவர்தான் சொல்லித் தந்தார். எதை எவ்வளவு, ஊசிக்குப் பிறகு எத்தனை நிமிடம், இடையில் என்ன. கடைசியில் ஒன்று சொன்னார். "கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து, ரீச்சர். குறைஞ்சால் வேர்க்கும், கை நடுங்கும், பிள்ளை தன்னை மறந்து விசர்க்கதை கதைக்கும். உடனை குளுக்கோஸைக் கரைச்சுக் குடுத்திடோணும். அந்த நேரம் சீனிதான் மருந்து." நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனால் மூச்சிளைத்துக் கிடந்த பிள்ளையைக் கண்ட கண்ணுக்கு, கூடுகிறது மட்டும்தான் யமனாகத் தெரிந்தது. குறைகிறதை நான் காணவில்லை. காணாததற்கு யார் பயப்படுகிறார்கள்?

வீட்டுக்கு வந்தபிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு ஒரு சோதனையாகப் போனது. காலையில் விரலில் குத்திச் சீனி பார்ப்பது, ஊசி, பிறகு மூன்று இடியப்பம், சொதி, ஒரு முட்டை. நாலாவது இடியப்பத்தை அவள் கண்ணால் கேட்பாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். பத்து மணிக்கு உப்புப் பிஸ்கற் நாலு. மத்தியானம் ஒரு பேணி சோறு, தட்டி அளந்து. கீரையும் பயிற்றங்காயும் வயிறு நிறையத் தின்னலாம் என்று மிஸி சொல்லியிருந்தார். எந்தப் பிள்ளை "அம்மா, இன்னும் கொஞ்சம் கீரை" என்று கேட்கும்? பின்னேரம் பசிக்கிறது என்று வந்து நிற்பாள். "இன்னும் முக்கால் மணித்தியாலம் இரு" என்பேன். பசி என்று வந்த பிள்ளைக்குப் பொறு என்று சொன்ன வாய் இது.

வீட்டில் யாரும் இனிப்புத் தின்னக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவர் தோட்டத்து மோட்டர்க் கொட்டிலுக்குள் பனங்கட்டியை ஒளித்து வைத்துத் தேத்தண்ணி குடித்தார். அதையும் கண்டுபிடித்து, வரம்பில் நின்று அயல் தோட்டத்துக்கும் கேட்க ஏசினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுடைய சீனி நானூறைத் தாண்டி நின்றது. மெசின் பிழை என்று இரண்டாம் தரமும் குத்தினேன். பிழை இல்லை. புத்தகப் பையைக் கவிழ்த்தேன். கொம்பாஸ் பெட்டிக்குள் ரொபிக் கடதாசிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நகத்தால் நீவி, மடித்து அடுக்கியபடி. எங்கள் பள்ளிக்கூடங்களில் பிறந்தநாள்காரப் பிள்ளை கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வகுப்பு முழுக்க ரொபி கொடுக்கும். அந்தக் கிழமை மூன்று பிறந்தநாள் வந்திருக்கிறது. பூவரசம் தடியை முறித்து அடித்தேன். அவள் அழவில்லை. "பசிச்சது அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பத்தி எரிந்தது.

எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு வைரவர் இருக்கிறார். ஒரு சூலம், மேலே நாலு தகரம், அவ்வளவுதான் கோயில். வைரவர் பொல்லாதவர், அவருக்கு முன்னால் சத்தியத்தை மீறினால் விடமாட்டார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதோடு எங்கள் பிள்ளைகளுக்கு 'அம்மாவாணை' என்பதற்கு மேலே வேறு சத்தியம் கிடையாது. பென்சிலை எடுத்தாயோ என்றால், அம்மாவாணை எடுக்கவில்லை என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு மீறினால் தாய் செத்துப்போவாள். கொஞ்சம் வளர, பாதிப் பேருக்கு அந்தப் பயம் விட்டுப்போகும். என் மகளுக்கு விடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

கற்பூரம் கொளுத்தினேன். அவளுடைய கையை எடுத்து என் தலையில் வைத்தேன்.

"சொல்லு. அம்மாவாணை இனி இனிப்பு வாயிலை வைக்கமாட்டன்."

"அம்மாவாணை இனி இனிப்பு வாயிலை வைக்கமாட்டன்."

"வைச்சால் அம்மா செத்துப்போவா."

அதை அவள் சொல்லவில்லை. என் தலையிலிருந்து கையை இழுக்கப் பார்த்தாள்.

"சொல்லடி!"

சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நான் திருநீறு பூசிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

என்ன வேலை செய்தது தெரியுமா! அடிக்கும் ஏச்சுக்கும் இறங்காத சீனி அந்தச் சத்தியத்துக்கு இறங்கியது. தைப்பொங்கலன்று மச்சாள் சர்க்கரைப் புக்கையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்ட, என் மகள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "சீ, பிள்ளை பாவம், ஒரு வாய் தின்னட்டும்" என்றார் மச்சாள். "அவள் தொடமாட்டாள்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், கடவுளே. கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்மா கெட்டிக்காரி" என்றார். எப்படிச் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டொரு தரம் அவளுக்குக் கை நடுங்கியது உண்மை. அப்போதெல்லாம் சாப்பாட்டு நேரமாக இருந்தது. சோற்றைப் போட்டேன், சரிவந்துவிட்டது. புத்தகப் பையில் ஒரு பெட்டி குளுக்கோஸ் வைத்து வகுப்பு ரீச்சரிடமும் சொல்லியிருந்தேன். பிள்ளையிடம் மட்டும் ஒன்றைச் சொல்ல மறந்தேன். குளுக்கோஸ் மருந்து, அது அந்தச் சத்தியத்துக்குள் வராது என்று.

அடுத்த மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கினார்கள். என் மகள் ஓடினாள், நன்றாக ஓடுவாள். பத்து மணிப் பிஸ்கற் பையிலேயே இருந்தது. வெயிலில் நின்று வேர்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் வேர்த்துத்தான் நின்றார்கள். பிறகு அவள் மைதானத்தில் குந்திவிட்டாள். வகுப்பு ரீச்சர் பாவம், சொன்னபடியே குளுக்கோஸைக் கரைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். என் மகள் வாயைத் திறக்கவில்லை.

"குடியம்மா, இது உமக்குத்தான்."

"இனிப்பு. வேண்டாம்."

"அம்மா சொன்னவ குடுக்கச் சொல்லி."

"அம்மா சாவா."

சீனி குறைந்தால் பிள்ளை விசர்க்கதை கதைக்கும் என்று நானே அந்த ரீச்சருக்குச் சொல்லி வைத்திருந்தேன். இதுவும் அதுதான் என்று நினைத்து அவர் பேணியை வாயோடு வைத்து அழுத்தினார். இவள் பல்லைக் கிட்டிக்கொண்டாள், தட்டிவிட்டாள். இன்னொரு பேணி கரைப்பதற்குள் கண் சொருகி வலிப்பு வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் கிடத்தியிருந்தார்கள். சட்டையின் முன்பக்கம் முழுக்க ஒட்டிப் பிசுபிசுத்தது. பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய அவ்வளவும் சட்டையில் கிடந்தது. ஓட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்க என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. 'வைரவரே, என்னை எடும்' என்று கத்திக்கொண்டே வந்ததாக அந்த ஓட்டோக்காரர் பிறகு ஒருநாள் சொன்னார்.

ஆசுப்பத்திரியில் நரம்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். நான் குனிந்து அவளுடைய நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மிஸி சந்தோசத்தில், "குளுக்கோஸ் ஏத்தினதும் பாருங்கோ, பிள்ளையின்ரை முகம் தெளிஞ்சிட்டுது" என்றார்.

என் மகள் அந்தக் குழாயைப் பார்த்தாள். மேலே தொங்கிய போத்தலைப் பார்த்தாள். "உதுக்குள்ளை குளுக்கோஸோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றார் மிஸி. அடுத்த நிமிடம் ஊசியோடு குழாயைப் பிடுங்கிவிட்டாள். இரத்தம் சீறியது. "நான் குடிக்கேல்லை! நான் வாய் திறக்கேல்லை! உவை ஏத்தினவை! அம்மா, நான் இல்லை அம்மா!" என்று கத்தினாள். இரண்டு மிஸிமார் பிடிக்கவேண்டி வந்தது. நான் பிடிக்கவில்லை. 

டொக்டர் வந்து, பள்ளிக்கூடத்தில் ஏன் ஒன்றும் கொடுக்கவில்லை என்று கேட்டார்.  சொன்னேன், வைரவர், கற்பூரம், தலையில் கை, எல்லாம். அவர் ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசியிருக்கலாம்.

"நீங்கள் ரீச்சர் என்ன?"

"ஓம்."

"என்ன பாடம்?"

"விஞ்ஞானம்."

அவர் பைலைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்த கையோடு வடைமாலை சாத்தி, தேங்காய் உடைத்து, அதே வைரவருக்கு முன்னால் நின்று உரத்துச் சொன்னேன். "பிள்ளை செய்த சத்தியத்தை நான் திருப்பி எடுக்கிறன். பிழை என்ரை." மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வைரவர் ஓமெண்டவரோ அம்மா?"

"ஓமெண்டவர்."

"உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அதற்குப் பிறகு குறையும்போது குளுக்கோஸ் குடித்தாள். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் குடிப்பாள். ஒரு மிடறு, என் முகம். இன்னொரு மிடறு, என் முகம். நான் பின்வளவில் நின்றால் பேணியோடு பின்வளவுக்கு வருவாள். வளர்ந்தால் மாறிவிடும் என்று நினைத்தேன். அவளும் வளர்ந்தாள், தானே ஊசி போடப் பழகினாள், எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு மருந்து என்று என்னிலும் பார்க்கச் சரியாகச் சொன்னாள். பிறந்தநாள் ரொபியைக்கூட மருந்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டு தின்னலாம் என்று புதிய டொக்டர் சொன்னபோது, "எனக்கு இனிப்பிலை விருப்பமில்லை டொக்டர்" என்றாள். பொய். எட்டு வயது வரைக்கும் சீனிப் போத்தலுக்குள் விரல் விட்டவள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில், மாரி மழை விட்ட கையோடு எனக்கு டெங்கு வந்தது. வார்ட்டில் போட்டுவிட்டார்கள். கையில் சேலைன், காலையும் மாலையும் இரத்தம் எடுக்கிறார்கள், எழும்பினால் தலை சுற்றுகிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்தான். அந்த மனிதரின் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

"சோறு பிந்திப்போச்சு. பிள்ளை அதுக்கு முதல் ஊசியைப் போட்டிட்டுது. வேர்த்து ஊத்துது. கரைச்சு வைச்சிருக்கிறன், குடிக்குதில்லை."

"போனைக் குடுங்கோ அவளிட்டை."

மூச்சுச் சத்தம் கேட்டது.

"பிள்ளை, குடி."

"நீங்கள் வீட்டை வாங்கோ. வந்தாப்பிறகு குடிக்கிறன்."

"அதுக்கிடையிலை விழுந்திடுவாய். குடி ராசாத்தி."

"செவ்வாய்க்கிழமை குடிச்சனான். புதன்கிழமை உங்களுக்குக் காய்ச்சல்."

ஐயோ, அந்தக் கணக்கை அவள் நாலு நாளாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எடியேய் விசரி! நுளம்பு கடிச்சு வந்த காய்ச்சலடி! ஊருக்கெல்லாம் வந்திருக்கு! இஞ்சை வார்ட்டிலை கட்டில் இல்லாமல் நிலத்திலை படுத்திருக்குதுகள், அதுகளின்ரை பிள்ளையளும் குளுக்கோஸ் குடிச்சவையோ?"

 அவள் மெல்லிய குரலில், "அப்ப கதைச்சுக்கொண்டிருங்கோ" என்றாள். "நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினால் துப்பிடுவன்."

கதைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் கதைத்தேன். கொப்பர் வைச்ச சொதியிலை உப்பிராது, நீ பாத்துப் போடு, தலை இழுத்துப் பின்னினியோ இல்லையோ, வெள்ளைச் சட்டையை ஊறப்போட்டியோ, ஆட்டுக்குக் குழை வெட்டினதார், குடியடி, குடிச்சுக்கொண்டு கேள், நான் இஞ்சை நல்லா இருக்கிறன், எனக்கு ஒண்டுமில்லை, பார் எப்பிடிக் கத்துறன் எண்டு, செத்தவள் இப்பிடிக் கத்துவாளோ. இடையில் ஒரு மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறசர் பார்க்க வந்த மிஸி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "ஏலாது மிஸி, என்ரை பிள்ளை குடிக்குது" என்று சொல்லிவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி எழும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வீட்டில் என் கணவர் போனை வாங்கி "முடிஞ்சுது, குடிச்சிட்டுது" என்று சொன்ன பிறகும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தில் குறைந்தால் முதலில் எனக்குத்தான் போன் வரும். பாடத்தின் நடுவில் நான் வெளியே வந்து கதைப்பேன். என் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. போன மாதம் ஒரு பின்னேரம் குசினியில் இருவரும் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அடுத்த நாள் விஞ்ஞானச் சோதனை. இன்சுலினைப் பற்றி என்னிடமே ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிழை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவும் தெரியுது. அந்தச் சத்தியம் சும்மா எண்டும் தெரியுந்தானே?"

"ஓம் அம்மா. தெரியும்."

"அப்ப ஏனடி எனக்கு முதலிலை போன் எடுக்கிறாய்?"

 "இப்ப தெரியும் அம்மா. குறையேக்கை தெரியாமல் போயிடும். படிச்சதொண்டும் அந்த நேரம் ஞாபகம் வராது. அந்த வைரவரடியும் நீங்களும் மட்டும்தான் நிப்பியள்."

கையிலிருந்த காயை முறிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நான் இல்லாத காலத்திலை என்ன செய்வாய்?"

"அப்ப என்ன பயம்?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி என் முழங்காலில் தட்டினாள். "நீங்கள் செத்தாப்பிறகு யோசிக்க ஒண்டுமில்லைத்தானே அம்மா. உடனை எடுத்துக் குடிச்சிடுவன். நீங்கள் கவலைப்படாதேங்கோ."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவள் அப்படிச் சொன்னாள். நான் ஓம் என்றேன்.